நிலத்தடி வரைபடம் யாருக்கு?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ள பேரூராட்சி மம்சாபுரம். இந்த வட்டாரப் பாறைகளுக்குப் புவியியல் உலகில் தனி இடம் உண்டு. சஃபிரின், குவார்ட்ஸ் ஆகிய இரு கனிமங்களும் சேர்ந்து உருவான பாறை தென்னிந்தியாவில் முதன்முதலாக ராஜபாளையம் பகுதியில்தான் கண்டறியப்பட்டு, 2004-இல் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கு உள்ளான பாறைகளில் மட்டுமே காணக்கூடிய சேர்க்கை அது.

சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியா, இலங்கை, அண்டார்டிகா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக இணைந்து கொண்டிருந்தன. 1957-இல் நிறுவப்பட்ட ஜப்பானின் சியோவா ஆய்வு நிலையம் அமைந்துள்ள கிழக்கு அண்டார்டிகக் கடற்கரைப் பாறைகளைத் தென்னிந்திய, இலங்கைப் பாறைகளின் உறவாகவே அறிஞர்கள் கருதுகின்றனர். ஆனால், அங்கே கரையோரத்தில் ஆங்காங்கே தலைகாட்டும் பாறைகளைத் தவிர மற்றவை பனிக்கடியில் கிடக்கின்றன. கண்டத்தின் 98 சதவீதப் பரப்பைச் சராசரியாக இரண்டு கி.மீ. தடிமனுள்ள பனி மூடியிருக்கிறது.

அந்தப் பனிக்கடியில் இருப்பதை அறிய உதவும் முக்கிய வழிகளுள் ஒன்று வான்வழிக் காந்த ஆய்வு. காந்தமானி பொருத்திய விமானம் இணைகோடுகளாகப் பறந்து, பூமியின் காந்தப்புலத்தில் ஏற்படும் நுண்ணிய மாறுதல்களைப் பதிவு செய்கிறது. மேக்னடைட் போன்ற இரும்புக் கனிமங்கள் மிகுந்த பாறை காந்தப்புலத்தைக் கூட்டியோ குறைத்தோ காட்டும். பனி இதற்குத் தடையல்ல. துருவப் பகுதியில் அடிக்கடி எழும் காந்தப் புயல்கள்தான் தொல்லை. தரையில் நிறுவிய மற்றொரு காந்தமானியின் அளவீட்டைக் கொண்டு அந்தக் குழப்பத்தைக் கழிக்கின்றனர். 2008-09-இல் ஏழு நாடுகள் கூடி, காந்தமானியோடு ரேடார், ஈர்ப்புமானிகளையும் ஏற்றிப் பறந்து, பனிக்கடியில் புதைந்துள்ள கம்பூர்ட்சேவ் மலைத்தொடரை வரைந்தன. 2018-இல் வெளியான அண்டார்டிகக் காந்த வரைபடத் தொகுப்பில் சுமார் 35 லட்சம் கி.மீ. நீளப் பதிவுகள் அடங்கியுள்ளன.

இது வெறும் அறிவார்வம் அல்ல. பாறையின் காந்தத்தன்மை எந்த ஆழத்தில் மறைகிறது என்பதைக் கொண்டு, பனியின் அடித்தளத்துக்கு எவ்வளவு வெப்பம் வருகிறது என்று கணிக்கலாம். அடித்தளம் சூடானால் பனி வேகமாக வழுக்கிக் கடலில் சேரும், கடல்மட்டம் உயரும். தமிழகக் கடற்கரைக்கும் இக்கணக்கில் பங்குண்டு.

காந்த வரைபடம் கனிமம் இருக்கக்கூடிய இடத்தையும் காட்டிவிடுமே என்ற ஐயம் இயல்பானது. அதற்கு அண்டார்டிகா இரண்டு விதிகளால் விடை கண்டது. 1959-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் 3-ஆவது பிரிவு, அறிவியல் பதிவுகளை எல்லோருக்கும் திறந்து வைக்கச் சொல்கிறது. 1991-இல் கையெழுத்தாகி 1998-இல் நடைமுறைக்கு வந்த மாட்ரிட் நெறிமுறையின் 7-ஆவது பிரிவு, அறிவியல் ஆய்வைத் தவிர்த்த கனிமச் செயல்பாடுகளைத் தடை செய்கிறது. 2048-க்குப் பின் மறுஆய்வு கோரலாம் என்றாலும், தடை தானாகக் காலாவதி ஆகாது. மைத்ரி, பாரதி நிலையங்களை நடத்தும் இந்தியாவும் 2022-இல் அண்டார்டிகச் சட்டம் இயற்றி இதை ஏற்றுள்ளது.

உள்நாட்டில் நிலைமை வேறு. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2017 முதல் தேசிய வான்வழிப் புவி இயற்பியல் வரைபடத் திட்டத்தை நடத்துகிறது. 300 மீட்டர் இடைவெளியில், தரையிலிருந்து சுமார் 80 மீட்டர் உயரத்தில் விமானங்கள் பறக்கின்றன. பதிவுகளை இணையத்தில் அளிக்கும் தேசியப் புவி அறிவியல் தரவுக் களஞ்சியமும் 2023 டிசம்பரில் தொடங்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால், அதைப் படித்தறியும் திறன் நிறுவனங்களுக்கு உண்டு; அந்த நிலத்தில் உழுபவருக்கு இல்லை.

அதன் விளைவை மதுரை மாவட்டத்தில் கண்டோம். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் வட்டாரம் குறித்த புவியியல் அறிக்கை 2021 செப்டம்பரில் மாநில அரசிடம் தரப்பட்டது. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி டங்ஸ்டன் உள்ளிட்ட 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டுமே உண்டு. 2024 நவம்பரில் ஏல முடிவு வெளியான பிறகே, அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் உள்பட சுமார் 5,000 ஏக்கர் அதில் அடங்கியிருப்பது மக்களிடையே பரவலாகத் தெரிய வந்தது. போராட்டம் வெடித்தது, சட்டப்பேரவை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது, 2025 ஜனவரி 23-இல் ஏலம் ரத்தானது. மூன்றாண்டுகளுக்கு முன்பே ஊரில் வைத்திருக்க வேண்டிய வரைபடத்தை வைக்காததன் விலை இது.

அண்டார்டிகாவில் குடிமக்கள் இல்லை; நாட்டுக்குக் கனிமமும் தேவை என்பது நியாயமான வாதம். எனவே, எல்லா இடங்களிலும் தடை கோர வேண்டியதில்லை. வரிசையை மாற்றினால் போதும். ஏல அறிவிப்புக்கு முன்பே, ஆய்வு முடிவின் சுருக்கம் தமிழில் வெளியாக வேண்டும். புல எண், கண்மாய், காடு, தொன்மைச் சின்னம் ஆகியவை குறித்த வரைபடம் அதனுடன் இருக்க வேண்டும். கிராமசபையும் பேரூராட்சி மன்றமும் கருத்துரைக்க உரிய கால அவகாசம் தரப்பட வேண்டும்.

மம்சாபுரத்துக்கு மேற்கே எழும் மலை, 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். அடிவாரத்துக் கண்மாய்களுக்கு நீர் தருவதும் அந்த மலைதான். அதன் பாறைகளைப் பற்றி உலக அறிஞர்கள் அறிந்தவற்றை அங்கு வாழ்பவர்களும் தங்கள் மொழியில் அறிந்திருந்தால், நாளை ஒரு விமானம் தலைக்கு மேல் தாழப் பறக்கும்போது அச்சப்பட வேண்டியிருக்காது. அது எதைத் தேடுகிறது என்று கேட்கவும், விடையைப் பெறவும் அவர்களுக்கு உரிமை உண்டு.