பழைய கணினியை எறியலாமா?



“விண்டோஸ் 10-க்கு ஆயுள் முடிந்துவிட்டதாமே, ஐயா! புதுக் கணினி வாங்கத்தான் வேண்டுமா?” எனப் பெற்றோர் சிலர் என்னை வினவினர். மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வியங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை 14.10.2025இல் முடித்துக்கொண்டது உண்மையே. அதனால் கணினியே பழுதாகிவிடவில்லை.

தோட்டங்களை விட்டுப் புந்தோங்கில் குடியேறியோர் இதனை எளிதில் உணர்வர். ஒருபுறப் பட்டை தேய்ந்ததும் பால்மரத்தைச் சாய்த்துவிட்டோமா? மறுபுறம் சீவினோம் அல்லவா?

1991ஆம் ஆண்டில் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், அத்தகைய மறுபட்டையாகும். அதன்வழி வந்த உபுண்டு, மின்ட் ஆகியவை விலையின்றிக் கிடைக்கின்றன. கட்டுரை எழுதவும் கணக்கிடவும் லிப்ரே ஆபிஸ் உண்டு. அதனைத் தமிழிலும் இயக்கலாம். கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் இத்தகைய மென்பொருளிலேயே பயில்கின்றனர்.

குறைகளை மறைத்தல் தகாது. சில அச்சுப்பொறிகள் இணங்கா. சில விளையாட்டுகள் ஓடா. வேர்டில் எழுதிய கோப்பின் வரிகள் இடம் மாறக்கூடும். ஆதலால் அவசரம் வேண்டா. முதலில் கோப்புகளைப் படியெடுத்து வையுங்கள். பின்னர், கணினியில் நிறுவாமலேயே, பென் டிரைவிலிருந்து லினக்ஸைச் சில நாள் இயக்கிப் பாருங்கள். பொருந்தினால் மாறுங்கள்.

பொத்தான் இருக்குமிடத்தை மட்டும் மனனம் செய்த பிள்ளை, திரை மாறினால் திகைக்கும். வேலையைக் கற்ற பிள்ளை எதிலும் எழுதும். உழைத்துச் சேர்த்த பணத்தைச் செலவிடுமுன் சிந்திப்போமாக!