நம் பங்கு நிதி: முடிவெடுப்பது யார்?

2025 ஏப்ரல் 29 அன்று, 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே ஆண்டு ஜூலையில் ஆதிதிராவிடர் நல விடுதிகள் உள்ளிட்ட அரசு மாணவர் விடுதிகள் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் மாற்றப்பட்டன. இரண்டையும் வரவேற்கிறோம். இழிவைச் சுமக்கும் பெயர் போக வேண்டியதுதான். ஆனால் பெயர் மாறிய அந்தத் தெருவுக்கு வரும் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுப்பவர் யார்? அந்தத் தெருக்காரர்களா, வேறு யாராவதா? நமது அரசியல் விவாதங்களில் இந்தக் கேள்வி போதுமான அளவு எழவில்லை என்பதே இக்கட்டுரையின் கவலை.

முதலில் இந்தப் பணம் என்ன பணம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பழங்குடியினருக்கான துணைத் திட்டமும், 1979-80இல் பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறுத் திட்டமும் தொடங்கப்பட்டன. அடிப்படைக் கொள்கை எளிமையானது. மக்கள்தொகையில் எத்தனை விழுக்காடோ, திட்டச் செலவிலும் அத்தனை விழுக்காடு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு, பழங்குடியினர் 1.10 விழுக்காடு. ஐந்தில் ஒரு பங்கு மக்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு நிதி என்பது பங்கீடு. இதில் சலுகை எதுவும் இல்லை.

இந்தப் பங்கை ஏமாற்றுவதற்கு அரசுகள் கண்டுபிடித்த வழி கணக்கு எழுதுவது. பொதுச் சாலை போடுவார்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தலித் மக்கள் நடந்ததாக எழுதிவிடுவார்கள். 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்காக டெல்லி அரசு சிறப்புக் கூறுத் திட்ட நிதியில் ஏறத்தாழ 700 கோடி ரூபாயைத் திருப்பிவிட்டது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் அம்பலமானது. நாடாளுமன்றத்தில் அது பெரும் சர்ச்சையானது. கர்நாடகம் 2013இல் சட்டமே இயற்றியது. அந்தச் சட்டத்துக்குள்ளேயே 7(டி) என்றொரு பிரிவு, பொதுச் செலவின் ஒரு பகுதியைத் தலித், பழங்குடி மக்களுக்கான செலவாகக் கருதிக்கொள்ள இடம் கொடுத்தது. போராட்டங்களுக்குப் பிறகு 2023இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. ஆனால் அதே 2023-24 நிதியாண்டில், ஐந்து உத்தரவாதத் திட்டங்களுக்காக 11,000 கோடி ரூபாய்க்கும் மேல் அந்தத் துணைத் திட்ட நிதியிலிருந்தே எடுக்கப்பட்டது.

'அந்தத் திட்டங்களால் தலித்துகளும்தானே பயனடைகிறார்கள்?' என்பது அரசின் பதில். இந்தப் பதிலைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கட்டணமில்லாப் பேருந்தில் ஏறும் தலித் பெண், பெண் என்ற முறையில் அந்த உரிமையைப் பெறுகிறார். பக்கத்து இருக்கையில் இருக்கும் பெண்ணின் பயணச் செலவு பொதுக் கருவூலத்திலிருந்து போகிறது. இவருடைய பயணச் செலவு மட்டும் இவர் தெருவுக்கான நிதியிலிருந்து போகிறது. அதாவது, எல்லாருக்கும் இலவசமாகக் கிடைப்பதை இவர் தன் பங்கைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறார்.

தமிழ்நாட்டில் தலித் இயக்கங்களும் செயற்பாட்டாளர்களும் பல ஆண்டுகள் வலியுறுத்திய பிறகு, 2024இல் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் நிறைவேறியது. மக்கள்தொகை விகிதத்தில் நிதி ஒதுக்குவது இப்போது சட்டக் கடமை. அதற்கு முந்தைய ஆண்டு, ஐந்தாண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று அயோத்திதாசப் பண்டிதர் குடியிருப்பு மேம்பாட்டுத் திட்டமும் அறிவிக்கப்பட்டது. இவை சாதாரண வெற்றிகள் அல்ல. ஆனால் ஒதுக்கீடு சட்டமானதாலேயே அதிகாரம் கைமாறிவிடாது.

ஆய்வுக்காகக் காந்திகிராமத்தில் தங்கியிருக்கிறேன். சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகும்போதெல்லாம் ஒரே விதமான காட்சி. சமுதாயக்கூடம் இருக்கும், பூட்டியிருக்கும். சிமெண்ட் சாலை இருக்கும், அது சுடுகாட்டுக்குப் போகாது. உயர்கோபுர விளக்கு இருக்கும், அதன் அடியில் கழிவுநீர் தேங்கியிருக்கும். 'இதெல்லாம் நீங்கள் கேட்டதா?' என்று ஓர் ஊரில் கேட்டேன். நூறு நாள் வேலைக்குப் போய்வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், "அவங்களா வந்தாங்க, அளந்தாங்க, போட்டாங்க தாயி. எங்கள யாரு கேட்டா? நாங்க கேட்டது பொணத்தத் தூக்கிட்டுப் போக ஒரு பாத" என்றார். அந்தப் பாதை ஏன் வரவில்லை என்பதும் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அது ஆதிக்க சாதியினரின் நிலங்களுக்கு நடுவே போக வேண்டிய பாதை. விளக்கு நட்டால் யாருக்கும் கோபம் வராது, பாதை போட்டால் வரும். முடிவெடுப்பவர் வெளியில் இருக்கும்போது, சாதியோடு மோதாத வேலையே எப்போதும் முதலில் நடக்கிறது.

இந்தச் சிக்கல் இன்று முளைத்ததல்ல. காந்தியின் பெயரைத் தாங்கிய ஓர் ஊரில் இருந்துகொண்டு எழுதுவதால் இந்த வரலாற்றைச் சொல்லாமல் போக முடியாது. 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் கையெழுத்தான சில நாட்களில் தீண்டாமை ஒழிப்புக்கென ஓர் அமைப்பு உருவானது. பிறகு அதுவே அரிசன சேவா சங்கம். தலைவர் தொழிலதிபர் ஜி.டி.பிர்லா, செயலாளர் ஏ.வி.தக்கர். தொடக்கத்தில் அதன் மத்தியக் குழுவில் அம்பேத்கரும் இருந்தார். அந்த நவம்பரில் மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது தக்கருக்கு நீண்ட கடிதம் ஒன்றை எழுதினார். தனிநபர்களைத் திருத்தும் நற்பணிகளில் காசைக் கரைக்காமல் கிணறு, பள்ளி, பொது இடம் ஆகியவற்றில் குடியுரிமையை நிலைநாட்டும் போராட்டத்துக்கும், சம வாய்ப்புக்கும் செலவிடுங்கள் என்பது அதன் சாரம். இந்த வேலையைச் செய்ய ஒடுக்கப்பட்ட மக்களிலிருந்தே ஊழியர்களை எடுங்கள் என்றும் கேட்டிருந்தார். அக்கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அவர் விலகினார்.

நிர்வாகக் குழுவில் எங்களுக்கு ஏன் இடமில்லை என்று தலித் தூதுக்குழுவினர் கேட்டபோது காந்தி சொன்ன விளக்கம் முக்கியமானது. இது சாதி இந்துக்களின் பிராயச்சித்தத்துக்கான அமைப்பு, அவர்கள் கடனாளிகள், நீங்கள் கடன் கொடுத்தவர்கள், கடனை அடைக்கும் முயற்சி கடனாளியிடமிருந்தே வர வேண்டும் என்றார். நீங்கள் ஆலோசனைக் குழு அமைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். ஆனால் எவ்வளவு கடன், எந்தத் தவணையில், எந்த வடிவில் என்பதையெல்லாம் கடன்பட்டவரே முடிவு செய்வார், கடன் கொடுத்தவர் ஆலோசனை மட்டும் சொல்லலாம் என்றால், அந்தக் கடன் எந்தக் காலத்தில் அடையும்?

இன்றைய அரசு நிதிக்கு அந்தப் பிராயச்சித்த வாதம்கூடப் பொருந்தாது. இது யாருடைய நன்கொடையும் அல்ல. சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் சேரியிலிருந்தும் வரி போகிறது. அந்த வரியிலிருந்து திரும்பி வரும் பங்குக்கு நாம் பயனாளிகள் என்று பெயர். பங்குதாரர் என்று யாரும் சொல்வதில்லை. பயனாளிக்கு விண்ணப்பப் படிவம் உண்டு, கையெழுத்து உண்டு, பயனாளி அட்டையும் உண்டு. முடிவெடுக்கும் மேசையில் நாற்காலி மட்டும் இல்லை.

விதி நம் பக்கம் இருந்தால் போதும், காவலும் நம் கையில் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு பஞ்சமி நிலமே பதில். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க ஆணையிட்டது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. குறிப்பிட்ட காலம் வரை விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்ற வேண்டும் என்ற நிபந்தனை தெளிவாகவே இருந்தது. ஆனால் பதிவேடும் சங்கிலியும் வருவாய்த் துறையின் அதிகாரமும் வேறு கைகளில் இருந்தன. நிலம் போனது. மீட்கக் கேட்டவர்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. காரணையைச் சேர்ந்த ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

உலகில் வேறு இடங்களில் இந்தக் கேள்வி எப்படிக் கையாளப்படுகிறது? கனடாவில் கறுப்பின மக்கள் நடத்தும் அமைப்புகளுக்கு அறக்கட்டளை நிதி எவ்வளவு போகிறது என்று 2020இல் ஓர் ஆய்வு வெளியானது. முன்னணி அறக்கட்டளைகள் வழங்கிய ஒவ்வொரு 100 டாலரிலும் 1 டாலர்கூட அவர்களுக்குப் போகவில்லை. அதன் பிறகு எழுந்த கோரிக்கை, கூடுதல் மானியம் தாருங்கள் என்பதோடு நிற்கவில்லை. முதலீட்டை எங்களிடம் ஒப்படையுங்கள், வருவாயிலிருந்து யாருக்கு எதற்குக் கொடுப்பது என்பதை நாங்கள் முடிவு செய்கிறோம் என்றார்கள். 2023இல் 20 கோடி டாலர் நிதியம் கறுப்பினத்தவர் தலைமையிலான ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. நகராட்சிகள் தரும் ஓராண்டு மானியத்துக்காகச் சிறு குழுக்கள் விண்ணப்பமும் அறிக்கையும் எழுதியே சோர்ந்துபோகும் கதை அங்கும் உண்டு. ஆனால் முடிவெடுக்கும் உரிமையைக் கோரிக்கையாக வைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கேரளத்தில் 1996க்குப் பிறகு மக்கள் திட்டத்தின் கீழ் பழங்குடி நிதியின் ஒரு பகுதி உள்ளாட்சிகளுக்குப் போனது. பழங்குடிக் குடியிருப்புகளில் 'ஊர்க்கூட்டம்' அமைந்தது. அதிலும் குறைகள் ஏராளம். இருந்தாலும், பொதுக் கிராம சபையில் கரைந்துபோகாத தனி அவை என்ற எண்ணம் நமக்கு மிகவும் தேவையானது. ஏனென்றால் நம் கிராம சபை எப்படி நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். பக்கத்து மதுரை மாவட்டத்தில் தனி ஊராட்சித் தலைவர் என்பதற்காகவே 1997இல் மேலவளவு முருகேசனை வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலையே முறையாக நடத்தவிடவில்லை. நாற்காலிக்கே இந்த நிலை என்றால், அந்தச் சபையில் கையுயர்த்திப் பாதை கேட்பது எவ்வளவு கடினம்?

'உங்களிடமே கொடுத்தால் மட்டும் ஊழல் நடக்காதா? உங்களுக்குள் சாதி இல்லையா?' என்று கேட்பார்கள். ஊழல் நடக்கலாம். அதைக் காரணம் காட்டி ஊர்த்தெருவின் உரிமையை யாரும் இதுவரை பறித்ததில்லை. ஊழலுக்கு மருந்து வெளிப்படையான கணக்கு. இரண்டாவது கேள்வியை நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. 2009இல் அருந்ததியர் உள் ஒதுக்கீடு வந்தது ஏன் என்பதை நேர்மையாகப் பேச வேண்டும். 2024 ஆகஸ்ட் 1 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் உள் ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டது. திண்டுக்கல் மாவட்ட ஊர்களிலும் பறையர், பள்ளர், சக்கிலியர் தெருக்கள் தனித்தனி. தூய்மைப் பணிக்குப் போகும் தெருவுக்கு எல்லாம் கடைசியில்தான் வருகிறது. எனவே அருந்ததியருக்கும் பெண்களுக்கும் உறுதியான இடமில்லாத எந்த அவையும் சாதி ஒழிப்பு அவை ஆகாது.

ஆகவே நமது கோரிக்கைகள் குறிப்பானவையாக இருக்க வேண்டும்.

ஒன்று: செயல்திட்ட நிதியில் எந்தப் பணி தொடங்கும் முன்னும் அந்தக் குடியிருப்பு மக்களின் தனிக் கூட்டம் கூடித் தீர்மானம் போட வேண்டும். தீர்மானம் இல்லாத பணிக்குப் பட்டியல் பணம் கிடையாது.

இரண்டு: எந்தத் தலைப்பில் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்பதைத் தெருவிலேயே சுவரில் எழுத வேண்டும். 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம் கொண்டுவந்த சமூகத் தணிக்கை இந்த நிதிக்கும் வேண்டும்.

மூன்று: பொதுத் திட்டங்களின் செலவை விகிதம் போட்டு இந்தக் கணக்கில் ஏற்றுவது முற்றாக நிற்க வேண்டும்.

நான்கு: நிதியின் ஒரு சிறு பகுதியாவது இரவுப் பள்ளி, படிப்பகம், பெண்கள் சங்கம், கலைக்குழு என்று மக்கள் தாமே நடத்தும் அமைப்புகளுக்கு நேரடியாகப் போக வேண்டும். அம்பேத்கர் படிப்பகத்துக்கு ஒரு கூரை போட நம் இளைஞர்கள் உண்டியல் குலுக்கும் நிலை இன்னும் எத்தனை காலம்?

இவை தாமாக வரப்போவதில்லை. 2024 சட்டமும் தானாக வந்ததல்ல. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று அக்டோபர் 2, காந்தியின் பிறந்தநாள். அதற்கு முன்பே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டி, உங்கள் ஊராட்சியில் கடந்த மூன்று ஆண்டுகளில் ஆதிதிராவிடர் நிதியில் நடந்த பணிகளின் பட்டியலைக் கேளுங்கள். பட்டியல் கைக்கு வந்ததும் தெருவில் உட்கார்ந்து எல்லாருக்கும் கேட்கும்படி வாசியுங்கள். இவற்றில் எது நாம் கேட்டது, எது நடந்ததாக எழுதப்பட்டது மட்டும் என்று தெருக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். பிறகு அந்தப் பட்டியலோடு கிராம சபைக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், தெருவையே அழைத்துக்கொண்டு போங்கள்.