திறப்பு எங்கே இருக்கிறது?



வீட்டில் துவக்கு வைத்திருப்பவர்களுக்காக மட்டும் இதை எழுதவில்லை. அப்படியான வீட்டுக்குத் தங்கள் பிள்ளையை விளையாட அனுப்புகிறவர்களுக்காகவும்தான் எழுதுகிறோம். நம்முடைய அம்பாறைப் பக்கத்தில் வயல் செய்யும் குடும்பங்கள் சிலவற்றில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று அனுமதிப்பத்திரத்தோடு எடுத்த 12 போர் துவக்கு இருக்கிறது. சில வீடுகளில் அது மூத்தாப்பா காலத்துச் சாமான். தற்பாதுகாப்புக்கென்று பிஸ்டல் வைத்திருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான், பெரும்பாலும் பெரிய வியாபாரிகள்.

அப்படி ஒருவர், நம்மிடம் படிக்கும் பிள்ளையின் வாப்பா, போனில் ஒரு படத்தைக் காட்டினார். கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிற சின்ன இரும்புப் பெட்டி. "சேர், விரல வெச்சா ரெண்டு செக்கன்ல திறக்குமாம். ஒன்லைன்ல எடுப்பமா?" அவருக்கு மூன்று பிள்ளைகள், கடைசி ஆள் இன்னும் முன்பள்ளி. பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இவன்ட விரலுக்கும் திறக்குமா?"

எவ்வளவு கெதியாகத் திறக்கும் என்று அவர் கேட்டார். யாருக்குத் திறக்கும் என்று அவர் மனைவி கேட்டார். பெட்டி வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது அந்த உம்மா கேட்ட கேள்வி என்பது எங்கள் கருத்து. ஏனென்றால் "இவன்ட விரலுக்கும்" திறந்த பெட்டிகள் உண்மையிலேயே விற்பனைக்கு வந்திருக்கின்றன.

இந்தப் பெட்டிகள் அதிகம் விற்கும் நாடு அமெரிக்கா. அங்கே 2023 ஒக்டோபரில் போர்ட்ரெஸ் சேஃப் என்ற கம்பனியின் கைரேகைப் பெட்டிகள் ஏறத்தாழ 61,000 திரும்பப் பெறப்பட்டன. 12 வயதுச் சிறுவன் ஒருவன் மௌத்தாகிய பிறகுதான் அது நடந்தது. பதியாத விரலுக்கும் பெட்டி திறந்ததாக 39 முறைப்பாடுகள் வந்திருந்தன. கோளாறு என்னவென்றால், கைரேகையைச் சரியாகப் பதியும்வரை அந்தப் பெட்டி எந்த விரல் வைத்தாலும் திறக்கும் நிலையில்தான் இருக்கும். வாங்கியவர் தன் விரலைப் பதிந்துவிட்டதாக நினைப்பார், விரலை வைத்தால் திறக்கும், சந்தோசப்படுவார். அது அவருடைய விரல் என்பதால் திறக்கவில்லை, விரல் என்பதால் திறந்தது. தன் விரலால் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு இது ஒருநாளும் தெரியவராது.

அதற்கு முன்னர், 2012இல், லாஸ் வேகாஸில் நடக்கும் டெஃப்கொன் என்ற பாதுகாப்பு மாநாட்டில் பூட்டு ஆராய்ச்சியாளர்கள் சிலர் இப்படியான மலிவுப் பெட்டிகள் பலவற்றைத் திறந்து காட்டினார்கள். சிலவற்றைச் சில அங்குலம் தூக்கிக் கீழே போட்டாலே போதும். உள்ளே பூட்டைப் பிடித்திருக்கும் சிறிய காந்தத் தண்டு அந்த அதிர்ச்சியில் துள்ளும், அந்த நேரத்தில் பிடியைத் திருப்பினால் கதவு திறந்துவிடும். மூன்று வயதுப் பிள்ளை ஒன்றையே திறக்க வைத்து வீடியோவாகவும் காட்டினார்கள். பெட்டியின் வெளித்தோற்றம் பார்த்தால் வங்கியில் இருப்பது போல இருக்கும். கனமான கதவு, மின்னும் பொத்தான்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சாமான் தூக்கப்படும், விழும், உதைபடும் என்பதை அதைச் செய்தவர்கள் நினைக்கவே இல்லை.

ஆகவே பிஸ்டல் வைத்திருக்கும் அந்தச் சகோதரருக்கு நாங்கள் சொன்னது இதுதான். கைரேகைப் பெட்டி வேண்டாம். ஈரக் கை, வியர்வைக் கை, சீமெந்துக் கை எதற்கும் அது ஒழுங்காக வேலை செய்யாது, நம் கடற்கரை உப்புக்காற்றில் பட்டரி முனைகளும் பச்சை பிடிக்கும். பட்டரியே இல்லாமல், நாலைந்து பொத்தான்களை ஒரு ஒழுங்கில் அமத்தித் திறக்கும் இயந்திரப் பூட்டு உள்ள பெட்டிகள் இருக்கின்றன. விலை கூட, ஆனால் இருட்டிலும் விரலால் தடவித் திறக்கலாம். பெட்டியைச் சுவரோடோ கட்டிலின் சட்டத்தோடோ போல்ட் போட்டு இறுக்க வேண்டும். இறுக்காத பெட்டி கள்வனுக்குக் கைப்பை மாதிரி, அப்படியே தூக்கிக்கொண்டு போவான். வாங்கிய அன்றே வெறும் பெட்டியை மெத்தையில் போட்டு, தட்டி, குலுக்கிப் பிடியைத் திருப்பிப் பாருங்கள். வீட்டில் உள்ள எல்லோருடைய விரலையும் வைத்துப் பாருங்கள், எண் பூட்டாக இருந்தால் பிள்ளைகளின் பிறந்த திகதியைப் போடாதீர்கள். பிள்ளைகள் முதலில் அமத்திப் பார்ப்பது தங்கள் பிறந்தநாளைத்தான்.

இன்னொன்று, எண் பூட்டானாலும் கைரேகைப் பூட்டானாலும் அவசரத்துக்கென்று இரண்டு திறப்பு தருவார்கள். அந்தத் திறப்பு எங்கே போகிறது? அலுமாரியின் மேல், சட்டைப் பை, தொழுகை விரிப்பு வைக்கும் தட்டு. வீட்டில் உள்ள வேறு எதையும்விட அந்தத் திறப்பு இருக்கும் இடத்தைப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய பெட்டியின் பலம் அந்தத் திறப்பு தொங்கும் ஆணியின் பலம்தான்.

"நம்முட வீட்டுல ஒளிச்சுத்தான் வெச்சிருக்கம், புள்ளைகளுக்குத் தெரியாது" என்பவர்களுக்கு: தெரியும். தரம் நான்கு, ஐந்து வகுப்பில் "எங்கள் வீடு" என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லிப் பாருங்கள். உம்மாவின் நகை எந்தப் பெட்டியில் இருக்கிறது, வாப்பா காசு வைக்கும் லாச்சி எது என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் பூனையைப் பற்றி எழுதுவார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலக் கிராமப்புறத்தில் பெற்றாரையும் பிள்ளைகளையும் வேறு வேறாகக் கேட்டு 2006இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. துவக்கு இருக்கும் இடம் என் பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றாரில் 39 வீதமானவர்களின் பிள்ளைகள் இடத்தைச் சரியாகத் தெரியும் என்றார்கள். பிள்ளை அதை ஒருநாளும் தொட்டதில்லை என்று சொன்ன பெற்றாரில் 22 வீதமானவர்களின் பிள்ளைகள் தொட்டிருக்கிறோம் என்றார்கள்.

ஆசிரியர்களாகிய எங்களுக்குச் சொல்லக் கஷ்டமான ஒன்றும் இருக்கிறது. சொல்லிக் கொடுத்தால் பிள்ளை தொடாது என்ற நம்பிக்கை. சொல்லிக் கொடுப்பதுதானே எங்கள் தொழில். ஆனால் 2001இல் வெளிவந்த இன்னோர் அமெரிக்க ஆய்வில், 8 முதல் 12 வயதுவரையான 64 சிறுவர்களைச் சின்னச் சின்னக் குழுக்களாக ஓர் அறையில் விட்டார்கள். லாச்சி ஒன்றுக்குள் வெடிக்க முடியாதபடி செய்த உண்மையான கைத்துப்பாக்கி இருந்தது. 48 பேர் அதைக் கண்டார்கள், 30 பேர் கையில் எடுத்தார்கள், 16 பேர் விசையை இழுத்தார்கள். கண்டவர்களில் பாதிப்பேர் அளவில் அது விளையாட்டுச் சாமான் என்றோ, உண்மையானதா இல்லையா தெரியவில்லை என்றோ சொன்னார்கள். எடுத்தவர்களிலும் இழுத்தவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் துவக்குப் பற்றி முன்னரே புத்திமதி கேட்டவர்கள். சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னதைப் பூட்டுக்குப் பதிலாக வைக்க வேண்டாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல்.

பெரிய பிள்ளைகள் வேறு கதை. பதினாறு வயதுப் பொடியனுக்கு எண்ணும் தெரியும், திறப்பும் தெரியும், வாப்பாவோடு வயலுக்குப் போய் துவக்கு தூக்கியும் பழக்கம். அந்த வயதில் ஓ.எல். பெறுபேறு வரும் நாளும் இருக்கிறது, வீட்டில் சண்டை பிடித்துக் கதவை அடித்துச் சாத்தும் இரவும் இருக்கிறது. இந்த நாட்டில் 1990களின் நடுப்பகுதியில் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. கொடிய விவசாய நஞ்சுகளை 1995இலிருந்து படிப்படியாகத் தடை செய்த பிறகு பத்து வருடத்துக்குள் அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆட்களின் கவலை பாதியாகவில்லை. கவலை வந்த அந்த ஒரு மணித்தியாலத்தில் கைக்கெட்டும் இடத்தில் அந்தப் போத்தல் இருக்கவில்லை, அவ்வளவுதான். துவக்கும் அந்தப் போத்தல் போலத்தான். அதனால் வீட்டில் பெரிய பிள்ளை இருந்தால் எண்ணை மாற்றுங்கள், திறப்பை உங்கள் உடம்போடு வைத்திருங்கள். அவனை நம்பவில்லை என்று அர்த்தமில்லை. அவனுடைய கெட்ட நாளொன்றைத்தான் நம்பவில்லை.

"பூட்டி வெச்சா யானை வரக்குள்ள என்ன செய்யிற?" இது வயல்காரர்களின் கேள்வி, நியாயமான கேள்வி. இறக்காமம், சம்மாந்துறைப் பக்கம் இரவில் நெல் மூடையைத் தேடி வீட்டுச் சுவர் வரை யானை வந்த கதை எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யானையைச் சுடுவது சட்டப்படி குற்றம். வெடிச் சத்தத்தால் விரட்டத்தான் துவக்கு, அதற்கு முதல் டோர்ச், கூக்குரல், யானை வெடி எல்லாம் இருக்கிறது. யானை வருவது வயல் வாடிக்குக் காவலுக்குப் போகும் காலத்தில். அந்த இரவுகளில் துவக்கு உங்கள் கையில் இருக்கும், பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். வருடத்தின் மீதி இரவுகளில்தான் அது கட்டிலுக்கடியில் தோட்டாவோடு கிடக்கிறது. திறப்பால் திறக்க அரை நிமிடம் செல்லும் என்றால், செல்லட்டும். ஒருநாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு நீங்களே மணிக்கூட்டைப் பார்த்துத் திறந்து பழகுங்கள், அரை நிமிடமும் எடுக்காது. யானை வெடியையும் சோக்கேசுக்கு மேல் வைக்கிறார்கள் சிலர். அதுவும் தோட்டாவோடு சேர்த்துப் பூட்டப்பட வேண்டிய சாமான்.

பயிர்த் துவக்குக்கு ஒன்லைன் பெட்டி தேவையில்லை. ஊரில் வெல்டிங் கடையில் சொன்னால் செய்து தருவார்கள். நீட்டுத் துவக்கு நாலு அடிக்குக் கிட்ட வரும், உள்ளளவு அதைவிடச் சற்றுக் கூட இருக்கட்டும். பிணைச்சல் உட்பக்கமாக இருக்க வேண்டும், வெளியே இருந்தால் ஊசியைக் கழற்றிவிடலாம். பின்பக்கம் நான்கு துளை போட்டுச் சுவரில் இறுக்குங்கள். ஆமைப்பூட்டைவிட உள்ளே பதித்த பூட்டு நல்லது. நடுவால் மடித்துத் திறக்கும் துவக்கென்றால் குழலைக் கழற்றி வேறாக வைக்கலாம், அது எந்தப் பெட்டியையும்விட மலிவான பூட்டு. தோட்டா வேறு இடத்தில், வேறு பூட்டில், வேறு திறப்பில். உள்ளே வைக்கும்முன் குழலுக்குள் பார்த்து ஒன்றும் இல்லை என்று நிச்சயப்படுத்துங்கள், பிறகு இன்னொருமுறை பாருங்கள். இதையெல்லாம் செய்ய வருடக் கடைசி நல்ல சந்தர்ப்பம். எப்படியும் டிசம்பர் 31இற்கு முன் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கத் துவக்கை வெளியே எடுக்கத்தானே வேண்டும்.

இதைப் பற்றி நம் ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை. காரணமும் எல்லோருக்கும் தெரியும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வீடு வீடாகச் சோதனை நடந்த நாட்களில் சமையலறைக் கத்தியைக்கூட எங்கே வைப்பதென்று நாம் தடுமாறினோம். துவக்கு என்ற சொல்லே வாயில் வரக்கூடாத சொல்லாகிவிட்டது. சட்டப்படி அனுமதிப்பத்திரம் உள்ளவரும் அயலவருக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறார். 2024 நவம்பரில் தற்பாதுகாப்புத் துவக்குகளை மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டபோதும் அந்தப் பேச்சு காதோடு காதாகத்தான் நடந்தது. அந்தப் பயத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் வெளியாருக்குத் தெரியாமல் இருப்பது ஒன்று, பிள்ளை தொடாமல் இருப்பது வேறொன்று. ஒளித்து வைத்தால் முதலாவது நடக்கலாம். இரண்டாவது நடக்காது.

பெண்கள்தான் இதில் கேட்க வேண்டியவர்கள் என்று எங்களுக்குத் தோன்றுகிறது, அந்த உம்மா கேட்டது போல. பிள்ளை பெருநாள் லீவுக்குச் சாச்சி வீட்டில் நாலு நாள் நிற்கப் போகிறது என்றால் கிணற்றுக்கு மூடி இருக்கா, நாய் கட்டிக் கிடக்கா என்று கேட்கிறோம். யாரும் கோபிப்பதில்லை. அதே மூச்சில், "ராத்தா, மச்சான்ட துவக்கு பூட்டித்தானே இருக்கு, திறப்பு ஆர்ட்ட?" என்றும் கேளுங்கள்.