ஒரே ஊசி, மூன்று விலை!

கொரோனா அவசரநிலை முடிந்தது என்று 2023 மே 5-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. இனி எதற்குப் பழங்கதை என்று கேட்கிறார்கள் சிலர். வெள்ளம் வடிந்த பிறகுதான் கரையைப் பலப்படுத்த முடியும். ஆகவே பேசுகிறோம்.

2021 ஜனவரி 16-இல் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். முதலில் மருத்துவர்க்கு, செவிலியர்க்கு, மருத்துவமனைத் தூய்மைப் பணியாளர்க்கு. ஆபத்தின் அருகே நிற்பவனுக்கு முதல் ஊசி! அது நியாயம். அதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் மே முதல் நாள், உழைப்பாளர் திருநாளன்று, டில்லி அரசு என்ன செய்தது? ஊசியில் பாதி மத்திய அரசுக்கு, மீதியை மாநிலங்களும் தனியார் மருத்துவமனைகளும் வாங்கிக்கொள்ளட்டும் என்றது. கோவிஷீல்டு ஊசி ஒன்று மத்திய அரசுக்கு 150 ரூபாய், மாநில அரசுக்கு 300, தனியார் மருத்துவமனைக்கு 600. மருந்து ஒன்று, ஆலை ஒன்று, புட்டி ஒன்று. விலை மட்டும் மூன்று! 18 முதல் 44 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் இலவச ஊசி இல்லை. நாட்டைச் சுமக்கும் வயது எது? அந்த வயதுதானே!

தமிழ்நாடு மூன்றரைக் கோடி ஊசிக்கு உலக அளவில் ஒப்பந்தப்புள்ளி கோரியது. கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. கோவின் இணையத்தளத்தில் பதிந்தால்தான் ஊசி என்றார்கள். ஜூன் மாதம் அதில் இந்தியும் பிற மொழிகளும் ஏறியபோது தமிழைக் காணோம். குரல் எழுந்த பிறகே தமிழ் வந்தது.

நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டுகிறவன் வீட்டிலிருந்தபடி வேலை பார்க்க முடியுமா? அவன் வெட்டிய கரியில் எரியும் விளக்கின் கீழே கணினி வைத்திருப்பவன் நொடியில் இடம் பிடிப்பான். ஷிப்டு முடிந்து, கரிபடிந்த கையோடு கைப்பேசியைத் திறக்கிறவனுக்கு என்ன மிஞ்சும்?

"காசுள்ளவன் தனியாரிடம் போனால் அரசு வரிசை குறையுமே" என்று வாதாடுகிறார்கள். ஊற்றுள்ள கிணற்றில் இரண்டு வாளி விடலாம். வறண்ட கிணற்றிலோ இரண்டாவது வாளி, முதல் வாளியின் தண்ணீரையே அள்ளும். முன்னுரிமை வேறு, முன்பணம் வேறு!

இந்த முறை தான்தோன்றித்தனமானது, பகுத்தறிவுக்குப் பொருந்தாதது என்றே முதல் நோக்கில் தோன்றுவதாக 2021 மே 31-ஆம் நாளிட்ட ஆணையில் உச்ச நீதிமன்றம் சுட்டியது. மாநிலங்களும் கேட்டன. ஜூன் 21 முதல் 18 வயது நிறைந்த எல்லோருக்கும் அரசு முகாமில் இலவசம் என்றாயிற்று. அப்போதும் கால் பங்கு தனியாருக்கே! கேட்டதால் இவ்வளவு கிடைத்தது, கேளாதிருந்தால்?

வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. நாம் பக்தி பேச வரவில்லை. பந்தி முறையைப் பேசுகிறோம். தருமச்சாலையில் சாதி கேட்பதில்லை, சம்பளம் கேட்பதில்லை. பசி ஒன்றே அங்கு அனுமதிச் சீட்டு. சோற்றுக்கு உள்ள நீதி, உயிர் காக்கும் ஊசிக்கு இருக்கக்கூடாதா?

வற்புறுத்தவும் வேண்டியதில்லை. எவரையும் கட்டாயப்படுத்தி ஊசி போடக்கூடாது என்று 2022 மே 2-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 2021 செப்டம்பர் 12-இல், தமிழ்நாட்டின் மாபெரும் முகாமில் ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டுக்கொண்டனர். கறி உண்போரும் மது அருந்துவோரும் ஞாயிற்றுக்கிழமை ஊசிக்குத் தயங்குகிறார்கள் என்று தெரிந்ததும், அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். மிரட்டவில்லை, மக்களின் வழக்கமறிந்து நடந்தார்கள்.

இனியொரு கொள்ளை நோய் வருமுன் நாம் கேட்பவை மூன்று. நாடு முழுதுக்கும் மத்திய அரசே வாங்கட்டும். ஒரே விலை, மக்களுக்கு இலவசம். கிண்டியிலும் குன்னூரிலும் உள்ள பொதுத்துறைத் தடுப்பூசி நிலையங்களின் உரிமத்தை 2008-இல் நிறுத்தியது போன்ற கொடுமை மீண்டும் நேரக்கூடாது. 2021-இல் உயிர்கள் துடித்தபோது செங்கல்பட்டு வளாகம் உற்பத்தியின்றிக் கிடந்ததுபோல் இனி எந்த ஆலையும் கிடக்கக்கூடாது. சுரங்க வாசலுக்கே ஊசி வரட்டும். நிரந்தரத் தொழிலாளியும் கான்ட்ராக்ட் தொழிலாளியும் ஒரே வரிசையில் நிற்கட்டும்.

தோழர்களே! நோய் பணப்பையைப் பார்த்து வருவதில்லை. மருந்து மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? இந்தக் கேள்வியைச் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். தெருமுனையில் கேளுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் தவறாமல் கேளுங்கள்!