ஈரத்தை மேலே வைத்து விற்போம்



போன வாரம் மருமகனோடு கண்டிப் பக்கம் போய் ஒரு பழைய எம்.ஜி.பி கார் பார்த்துவிட்டு வந்தோம். வாங்கவில்லை. "ஏன் சேர், இஞ்சின் மாத்தினதாலயா?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

எம்.ஜி.பி என்பது இரண்டு கதவு வைத்த இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1980 வரை செய்தார்கள். கம்பனி போட்டது 1798 சி.சி. இஞ்சின். நாங்கள் பார்த்த காரில் இருந்தது நிசான் இஞ்சினும் கியர் பெட்டியும்.

அது குற்றமா? இல்லை. பழைய இங்கிலாந்துக் கார்களுக்கு இங்கே சாமான் தேடி அலுத்தவர்கள் எத்தனை பேர்! நம் நாட்டில் இன்றும் ஓடும் மொறிஸ் மைனர்கள் பலவற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே ஜப்பான் இஞ்சின்தான். அப்படி மாற்றியிராவிட்டால் அவை எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

எங்களோடு வந்த பாஸ் இஞ்சினை முதலில் பார்க்கவேயில்லை. கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு ஜாக் வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கி, கதவின் இடைவெளி சுருங்குகிறதா என்று பார்த்தார். இந்தக் காருக்குத் தனியான செசி கிடையாது, உடம்புதான் பாரத்தைத் தாங்குகிறது. அந்தக் கீழ்த் தகடு துருப்பிடித்திருந்தால் உடம்பு நடுவில் வளையும். "இஞ்சின் போனா இன்னொன்டு போடலாம் சேர், உடம்பு போனா என்னத்தப் போடுற?" என்றார்.

உடம்பு நல்லாயிருந்தது. வேலையும் சுத்தம். இஞ்சின் தாங்கிகளை ஒழுங்காக ஒட்டியிருந்தார்கள். ஓட்டிப் பார்த்தபோது புரொப்பெலர் ஷாஃப்ட் அதிரவில்லை, இஞ்சின் சூடேறவில்லை, பிரேக் சரியாகப் பிடித்தது. 1967க்கு முந்திய எம்.ஜி.பியில் பெட்டரியின் பிளஸ் பக்கம்தான் உடம்போடு இணைந்திருக்கும். ஜப்பான் இஞ்சின் போட்டால் அதைத் திருப்ப வேண்டும். அதையும் முறையாகச் செய்திருந்தார்கள். மருமகனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பிறகு புத்தகத்தைக் கேட்டோம். செசி இலக்கம் சரி. இஞ்சின் இலக்கம் வேறு. புத்தகத்தில் இருந்தது பழைய இஞ்சினின் இலக்கமும் 1798 சி.சி.யும்தான். விளம்பரத்தில் "ஒரிஜினல் இஞ்சின்" என்று போட்டிருந்தார்கள். கேட்டதற்கு உரிமையாளர், "அதெல்லாம் ஆரும் பாக்கிறல்ல சேர், ஓப்பன் பேப்பர்லயே கொண்டு போங்க" என்றார். அவர் நம்மவர்தான். அஸர் தொழுதுவிட்டு வந்துதான் காரைக் காட்டினார்.

திரும்பி வரும்போது மருமகனுக்குக் கோபம். எங்களுக்கு வெட்கம். ஏனென்றால் நாங்களும் அதையே செய்திருக்கிறோம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் பழைய வாகனமெல்லாம் தங்கத்தின் விலை. அந்த நேரத்தில் எங்கள் நீல நிற டொயோட்டா வேனை விற்றோம். அதற்கும் இஞ்சின் மாற்றியிருந்தோம், புத்தகத்தில் பதியவில்லை. வாங்கியவர் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை. ஓப்பன் பேப்பரில்தான் கொடுத்தோம். கண்டியிலிருந்து வந்த அன்றிரவே அவருக்குக் கோல் எடுத்தோம். "சேர், அத நான் வித்து ஒரு வருசமாச்சே!" என்றார். யாரிடம் போனது என்று அவருக்கும் தெரியாது. எங்கோ ஒரு குடும்பம் அந்த வேனில் போய்க்கொண்டிருக்கிறது. புத்தகத்தில் இன்னும் எங்கள் பெயர்.

ஒரு விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் இலக்கங்களைப் பார்ப்பார். பொருந்தாவிட்டால் இழுபறி. அந்த இஞ்சின் களவு இஞ்சின் இல்லை என்று அந்தக் குடும்பம் எதைக் காட்டி நிரூபிக்கும்? ரசீது எங்கள் அலுமாரியில் கிடக்கிறது. வேன் ஏதும் குற்றத்தில் மாட்டினால் பொலிஸ் முதலில் வருவது எங்கள் வாசலுக்கு.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்து, அடியில் ஈரம் கண்ட சம்பவத்தை மத்ரஸாவில் நாமெல்லோரும் படித்தோம். ஈரத் தானியத்தை விற்கக் கூடாது என்று அவர்கள் தடுக்கவில்லை. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்றுதான் கேட்டார்கள். இஞ்சின் மாற்றிய காரும் அப்படித்தான். மாற்றியது குறையல்ல, மறைத்ததுதான் குறை.

ஆகவே பழைய வாகனம் தேடும் தம்பிமாருக்கு: முதலில் உடம்பைப் பாருங்கள், பிறகு இஞ்சின். இரண்டு இலக்கங்களையும் நீங்களே புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இஞ்சின் வாங்கிய ரசீதைக் கேளுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதிந்து தந்த பிறகே மீதிக் காசைக் கொடுங்கள். ஓப்பன் பேப்பர் வேண்டவே வேண்டாம்.

விற்பவர்களுக்கு ஒன்றுதான்: வாங்குபவர் கேட்க முன்னரே சொல்லிவிடுங்கள். விலை கொஞ்சம் குறையும். பரக்கத் குறையாது.

எம்.ஜி.பி உரிமையாளரிடமும், இஞ்சினைப் பதிந்து தாருங்கள், அதே விலைக்கு வாங்குகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். பதில் வரவில்லை. மருமகன் காத்திருக்கிறான்.

எங்கள் பழைய வேன் இப்போது யாரிடம் இருக்கிறதோ, அவர் கண்ணில் இந்தப் பதிவு பட்டால் இன்பொக்ஸுக்கு வாருங்கள். ரசீதைத் தருகிறோம், கையெழுத்துப் போட நேரில் வருகிறோம், பதிவுச் செலவும் எங்களுடையது. தெரிந்தவர்கள் பகிர்ந்து உதவுங்கள்.