“நெஞ்சு வருத்தக்காரன் சிரித்துக்கொண்டா இருப்பான்?”

மாரடைப்பு வந்து போனவர் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். சாப்பாடு இறங்குவதில்லை, தூக்கமும் இல்லை. “நெஞ்சு வருத்தக்காரன் சிரித்துக்கொண்டா இருப்பான்?” என்ற ஒரே கேள்வியோடு வீட்டார் அதைக் கடந்துவிடுகிறார்கள். ரத்தோட்டைத் தோட்டத்து லயமென்றாலும் மாத்தளை நகரத்து வீடென்றாலும் இதே பேச்சுதான். இதற்குத் துணையாகச் சொல்லப்படும் நியாயங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“கவலைக்குக் காரணம் இருக்கிறது, ஆகவே அது நோயல்ல.” காரணம் இருப்பது உண்மை. வேலைக்குப் போனால்தான் சம்பளம் என்று வாழ்ந்தவர் மலையேற முடியாமல் லயத்தில் முடங்கினால் மனம் ஒடியத்தான் செய்யும். ஆனால் கால் முறிந்த காரணம் தெரியும் என்பதற்காக யாரும் கட்டுப்போடாமல் விடுவதில்லை. மாரடைப்பு கண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கடும் மனச்சோர்வு வருகிறது. மற்ற நால்வருக்கும் கவலை இருக்கலாம், ஆனால் அது இந்த அளவுக்கு ஆழமாவதில்லை. எல்லாருக்கும் வராத ஒன்றை ‘இயல்பு’ என்று தள்ளிவிட முடியாது.

“மனசு வேறு, நெஞ்சு வேறு.” கனடாவின் மொன்றியல் நகரில் மாரடைப்பு நோயாளர் 222 பேரை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட முடிவு இதை உடைத்தது. மனச்சோர்வு உள்ளவர்கள் ஆறு மாதத்துக்குள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல். இதயத்தின் பலவீனத்தையும் முன்பு வந்த மாரடைப்பையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு நீங்கவில்லை. சோர்ந்தவர் குளிசையைத் தவறவிடுகிறார், கிளினிக் நாளை மறக்கிறார், நடப்பதை விடுகிறார், சிலர் சாராயத்துக்குத் திரும்புகிறார்கள். இதயத் துடிப்பின் சீரும் இரத்தம் உறையும் தன்மையும்கூட மாறுகின்றன. 2014இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் நிபுணர் குழு, மாரடைப்புக்குப் பிந்தைய மனச்சோர்வையும் ஓர் அபாயக் காரணியாக ஏற்கும்படி பரிந்துரைத்தது.

“நெஞ்சுக்குத் தரும் குளிசைதான் சோர்வைத் தருகிறது, நிறுத்தினால் சரியாகும்.” இது ஆபத்தான பேச்சு. அட்டெனோலோல் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகள் பற்றிய 285 ஆய்வுகளை 2021இல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, அவை மனச்சோர்வை உண்டாக்குவதாகத் தெரியவில்லை. உடல் அசதியும் தூக்கக் குழப்பமும் சிலருக்கு வரலாம். வைத்தியரிடம் சொன்னால் அளவை மாற்றுவார். இந்தக் குளிசையைத் திடீரென்று நிறுத்துவதே மாரடைப்பை வரவழைக்கக்கூடும்.

“மனச்சோர்வு மருந்து இதயத்தைக் கெடுக்கும்.” அமிற்றிப்டிலின் போன்ற பழைய வகை மருந்துகள் இதயத் துடிப்பைக் குழப்பலாம் என்ற மட்டில் இது சரி. ஆனால் சேர்ட்ராலின் மாரடைப்பு நோயாளருக்குப் பாதுகாப்பானது என்று 2002இலேயே ஓர் ஆய்வு காட்டியது. அஸ்பிரின், குளோபிடோகிரல் எடுப்பவர்களுக்கு இரத்தக்கசிவு சற்றுக் கூடலாம் என்பதால் மருந்தை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

“சிகிச்சை தந்தாலும் ஆயுள் கூடாதே.” இந்த வாதத்தில் பாதி உண்மை. அமெரிக்காவில் 2,481 பேரிடம் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், பேச்சுவழிச் சிகிச்சை மனச்சோர்வைக் குறைத்தது, மரணத்தைக் குறைக்கவில்லை. ஆனால் 2018இல் வெளியான கொரிய ஆய்வில் எஸ்சிற்றலோபிராம் எடுத்தவர்களில் 40.9 வீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 53.6 வீதத்தினருக்கும் பாரிய இதயப் பாதிப்பு நேர்ந்தது. அதுவும் வேண்டாம், தூங்கவும் சாப்பிடவும் பிள்ளைகளோடு பேசவும் முடிவதே போதிய பயன் இல்லையா?

“மனசு வருத்தம் என்றால் அங்கொடை மனநல வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவார்கள்.” அந்தக் காலம் போய்விட்டது. மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலேயே உளநலச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. நெஞ்சு கிளினிக்குக்கு வரும் அதே பஸ்ஸில் வந்து போகலாம். 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். அம்மனுக்கு நேர்ந்துகொள்வதையும் யாரும் தடுக்கவில்லை. மருந்து அதற்குப் போட்டியல்ல.

கிளினிக்கில் பிரஷர் பார்ப்பவர்கள் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கட்டும்: கடந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா? மனம் சோர்ந்து நம்பிக்கையிழந்து கிடக்கிறதா? அவர்கள் கேட்காவிட்டால் கூட வரும் மனைவியோ மகனோ சொல்லுங்கள். ‘ஆம்’ என்ற பதில் வந்தால், அதையும் நெஞ்சு வருத்தத்தின் ஒரு பங்காகவே எடுத்துச் சிகிச்சை கேளுங்கள்.