முன்னுரிமை யாருக்கு?

வெகுசன இசையைப் பற்றி எழுதப் புகுந்தால் இலக்கிய நண்பர்கள் சற்றே முகம் சுளிப்பது வழக்கம். கிரேக்கம் என்றதும் அவர்களுக்கு நினைவில் எழுவது செஃபரிஸும் எலிட்டிஸும். அவர்களது கவிதைகளுக்கு இசையமைத்த தியோடொராகிஸும். அதில் பிழையில்லை. 1963இல் செஃபரிஸும் 1979இல் எலிட்டிஸும் நோபல் பரிசு பெற்ற நாடு அது. 1971இல் செஃபரிஸ் மறைந்தபோது, இராணுவ ஆட்சியின் கெடுபிடிக்கு நடுவே, ஏதென்ஸ் தெருவில் திரண்ட கூட்டம் அவருடைய கவிதையொன்றைத் தியோடொராகிஸின் மெட்டில் பாடிக்கொண்டே சவ ஊர்வலத்தில் நடந்தது. கவிதையும் சந்தைப் பாட்டும் இத்தனை நெருக்கமாக வாழ்ந்த தேசங்கள் சிலவே.

ஆனால் அந்த உயரத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு, பின்வந்த பாப் பாடகர்கள் எல்லோரையும் தள்ளிவிடுவதில் நமக்கு உடன்பாடில்லை. எலெனா பாபரிசூவின் முதல் தனித் தொகுப்பான 'புரோதெரெயோதித்தா' (2004) அவ்வாறு தள்ளப்பட வேண்டியதன்று. நம் வாதம் அதன் பாடல்களைப் பற்றியது மட்டுமன்று. வெற்றி வந்தபின் அந்தத் தொகுப்புக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பற்றியதும்கூட.

பாபரிசூ 1982இல் சுவீடனின் போரோஸ் நகரில், புலம்பெயர்ந்த கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர். நிக்கோஸ் பனாயோட்டிடிஸுடன் சேர்ந்து 'அன்டீக்' என்ற இருவர் குழுவில் பாடினார். 2001இல் கோபன்ஹேகன் யூரோவிஷன் போட்டியில் கிரேக்கத்தின் சார்பில் அவர்கள் மூன்றாம் இடம் பெற்றனர். 2003இல் குழு கலைந்தது. அதன்பின் தனியாகப் பாட வந்தவர் தேர்ந்தெடுத்தது பெற்றோரின் மொழியை. சுவீடனில் வளர்ந்து, சுவீடிய மொழியும் ஆங்கிலமும் கைவசம் வைத்திருந்த ஒருவருக்கு இது எளிய முடிவன்று. சந்தைக் கணக்கு அதில் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. கிரேக்கச் சந்தையில் கிரேக்கம்தானே விலைபோகும். இருப்பினும் ஒரு குடியேறியின் மகள், தன் பெற்றோர் விட்டுவந்த ஊருக்குப் பாட்டின் வழியே திரும்பிச் செல்வது வெறும் வணிகம் ஆகிவிடாது.

தொகுப்புக்குள் வருவோம். 'அனபாந்திதெஸ் கிளீசிஸ்' என்னும் பாடலின் தலைப்புக்கு 'பதில் கிட்டாத அழைப்புகள்' என்பது பொருள். நம்மூர்ப் பேச்சில் சொன்னால் 'மிஸ்டு கால்'. காதலின் தவிப்புக்குத் தூது விட்ட காலம் போய், எடுக்கப்படாத கைபேசியே தவிப்பின் படிமமாகிவிட்டது. இதை எழுதி இசையமைத்தவர் கிறிஸ்தோஸ் தாண்டிஸ். 'கட்ஸே கலா' என்றால் நேர்ப்பொருளில் 'ஒழுங்காக உட்கார்'. வழக்கில் 'ஒழுங்காக இரு' என்று காதலனை அதட்டுவது. நகரத்துத் தெருப்பேச்சை அப்படியே தலைப்பாக்கிய துணிச்சல் அது. எல்லாப் பாடல்களும் இந்தத் தரத்தில் இல்லை. நடன மேடைக்கென்றே அளவெடுத்துத் தைத்த சில, இரண்டாம் முறை கேட்கையிலேயே அலுத்துவிடுகின்றன. நாம் அவற்றைத் தாண்டிச் செல்வதே வழக்கம்.

பிறகு 2005 வந்தது. அவ்வாண்டு மே 21 அன்று கீவ் நகரில் 'மை நம்பர் ஒன்' பாடி, 230 புள்ளிகளுடன் பாபரிசூ யூரோவிஷனை வென்றார். 1974இல் மரினெல்லாவைக் கொண்டு முதன்முதலாகப் போட்டியிட்ட கிரேக்கத்துக்கு இதுவே முதல் வெற்றி. இசை மீண்டும் தாண்டிஸ். பாடல் வரிகளில் அவருடன் கைகோத்தவர் நத்தாலியா யெர்மானு, காலஞ்சென்ற எழுத்தாளர் ஃபிரெடி யெர்மானோஸின் மகள். பாட்டின் நடுவே கிரீட் தீவின் லிரா ஒலித்தது. மொழியோ முழுக்க ஆங்கிலம்.

தொகுப்பு மறுபடி மறுபடி வெளியிடப்பட்டது. போட்டிப் பாடல்கள் அதனுடன் ஒட்டப்பட்டன. வெளிநாடுகளுக்குப் போன பதிப்பு 'மை நம்பர் ஒன்' என்ற பெயரையே சூடிக்கொண்டது. 'புரோதெரெயோதித்தா' என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பொருள் 'முன்னுரிமை' என்பதை வாசகர்கள் இவ்விடத்தில் கவனிக்க வேண்டும். முன்னுரிமை என்ற சொல்லை அகற்றிவிட்டு அங்கே முதலிடத்தை வைத்தார்கள்! இதைத் திட்டமிட்டு எவரும் செய்திருக்க மாட்டார்கள். விற்பனையாளரின் மேசையில் இயல்பாக நடந்திருக்கக் கூடியதே. ஆனால் இயல்பாக நடப்பதுதான் நம்மை உறுத்துகிறது. தாய்மொழியில் ஓராண்டு உழைத்து அடைந்த இடத்தை மூன்று நிமிட ஆங்கிலப் பாட்டு விழுங்கியது. பாடகியை உலகம் அறிந்தது அந்த மூன்று நிமிடத்தால்தான்.

'ஆங்கிலம் இல்லாமல் வென்றிருக்க முடியுமா?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எந்த மொழியிலும் பாடலாம் என்று 1999இல் விதி தளர்ந்த பிறகு பல நாடுகள் ஆங்கிலத்துக்கே மாறின. மறுஆண்டு ஏதென்ஸிலேயே நடந்த போட்டியில் ஆன்னா விஸ்ஸியும் ஆங்கிலத்தில்தான் பாடினார். கிடைத்தது ஒன்பதாம் இடம். ஆக, ஆங்கிலம் வெற்றிக்கு உத்தரவாதமும் அன்று. 2025இல் பாசெல் நகரில் கிளாவ்டியா என்ற இளம்பாடகி கிரேக்க மொழியிலேயே பாடி ஆறாம் இடம் பெற்றார். பெரும்பாலான கேட்பவர்களுக்கு வரிகள் புரிந்திரா. வாக்குகள் விழுந்தன.